மிச்சம் பதினோரு மாத்திரை

மதிவாணன் மங்களூரில் செண்ட்ரிங் வேலைக்குப் போய்
காய்ச்சலோடு திரும்பினான்.
ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் மூணு மணிக்கு நடுக்கம் என்றாள் அவன் அம்மா
பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போல.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தவன் நான்.
வைவாக்ஸ் என்று முடிவு வந்தது.
பதினாலு நாள் மாத்திரை, நாளுக்கு ஒன்று,
சாப்பிட்ட பிறகு, என் கண்முன்னால்.
படிவத்தில் ஆறாவது கேள்வி:
இதற்கு முன் எப்போதாவது சிறுநீர் கறுத்துப் போனதுண்டா?
நான் கேட்கவில்லை.
இல்லை என்று எழுதிக்கொண்டேன்.
அடப்பாற்றுக் கரையில் இன்னும் ஏழு வீடு பாக்கி,
வண்டி ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம்
சைக்கிளில் வந்தாள் செங்கொடி, அவன் அக்கா,
ஐந்து மாதக் கர்ப்பத்தோடு.
கூடையில் ஒரு குவார்ட்டர் பாட்டில்,
கழுத்துவரை கடுங்காப்பி.
"தம்பியோடது சார்."
மூடியை நான் திறக்கவில்லை.

தலைஞாயிற்றிலிருந்து நாகப்பட்டினம் போகிறவரை
அவன் கண் மஞ்சளையும் வெளுத்த நாக்கையும் பார்க்காமலிருக்க
ஜன்னல் வழியே வயல்களை எண்ணினேன்.
எண்ண முடியாது அவற்றை. ஒரே தண்ணீர்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியபின் டாக்டர் சொன்னார்:
கூரைவீட்டில் தீப்பிடித்தால் அணைக்க வாளி வேண்டும்,
இவன் சிவப்பணுக்களில் வாளி இல்லை.
மாத்திரை வைத்தது தீ.
உறுதியாகத் தெரிய மூன்று மாதம் பொறுங்கள்,
இப்போது மிஞ்சியிருப்பதெல்லாம் இளசு, பொய் சொல்லும்.

மூன்று மாதம் கழித்து, இருட்டறையில்
காகிதத்தில் காய்ந்த துளிகள் மேல் ஊதா விளக்கு.
என் துளி மின்மினிபோல எரிந்தது.
செங்கொடியுடையது மங்கல், அம்மாவுடையதும் மங்கல்.
அவனுடையது
விளக்கு அங்கே போகாதது போல.

"நான் குடுத்ததா?" என்றாள் அம்மா.
எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்:
உங்களுக்கு இரண்டு மதகு, ஒன்று பழுது.
அணுவுக்கு அணு முறை வைத்துத் திறக்கிறது உடம்பு,
முறைப்பாசனம் மாதிரி,
பாதி வயல் நனைகிறது, அதுபோதும், பிழைத்துக்கொண்டீர்கள்.
மகனுக்கு ஒரே மதகு.
உங்களிடமிருந்து போனது அந்தப் பழுதானது.
அப்பா பக்கிரிசாமிக்கு இதில் பங்கில்லை.
அவள் அந்தக் கடைசி வரியை மட்டும்
மறுபடி சொல்லச் சொன்னாள்.

பிறகு, ஆறுதலாக இருக்கட்டுமென்று,
டாக்டர் சொன்னதையும் சேர்த்தேன்:
கொசு ஆண்ட காலத்தில் இந்தப் பழுதுதான்
காய்ச்சலுக்குச் சரியாக வீடு கொடுக்காமல்
எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்,
அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அவள் யோசித்தாள்.
"அப்ப இவனுக்கு ஏன் சார் காய்ச்சல் வந்துச்சு?"

என்னிடம் இருந்தது தலையைச் சொறிகிற விரல்.

செங்கொடிக்குப் பிள்ளை பிறந்தது, ஆண்.
பரிசோதனை முடிவு வரும்வரை
பழைய டிரங்குப் பெட்டித் துணியில் சுற்றாதே,
அந்துருண்டை வாசனைகூட வேண்டாம் என்று போனில் கத்தினேன்.
பெட்டியைத் தூக்கி ஆற்றோரம் கவிழ்த்துவிட்டாளாம்,
கல்யாணப் புடவை உள்பட.

ஈரலில் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்காக
மதிவாணனுக்கு இப்போது வாரம் ஒருமுறை, எட்டு வாரம்,
ஆஸ்பத்திரியிலேயே.
ஒவ்வொரு செவ்வாயும் பாட்டிலை அவனே வெயிலில் பிடித்துக் காட்டுகிறான்.
"டீயா காப்பியா சார்?"
நான் இன்னும் சிரிக்கவில்லை.

மேசை டிராயரில் பழைய அட்டை, பதினோரு மாத்திரை.
இருப்புப் பதிவேட்டில் காரணம் எழுத
ஒரு விரல் அகலம்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஆறாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.
"என்னா கேள்வி சார் இது" என்று பெண்கள் வாயைப் பொத்துகிறார்கள்.
நேற்று உம்பளச்சேரி பக்கம் ஒரு வீட்டில்
எல்லாரும் சிரித்தார்கள்.
படியில் மீன் உரசிக்கொண்டிருந்தவர் மட்டும்
கையை நிறுத்தினார்.